சாமி வந்தவன் சாட்சி செல்லாது

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இதை ஒரு வரியாக எழுதுவதற்கே ஐம்பத்து மூன்று வயதாகிவிட்டது. சத்தமாகச் சொல்ல இன்னும் வாய்க்கவில்லை. நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்தில், ஆடித் திருவிழாவுக்கு வருடா வருடம் அம்மன் இறங்குவது என் மேல்தான் என்பது காரணம்.

பதினோரு வருடமாக இறங்கிக்கொண்டிருக்கிறாள். ஒரு வருடம்கூட விடுப்பு எடுத்ததில்லை.

நான் தோட்டத்து ஆபீஸ் கிராணி. யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை, யாருக்கு அரைநாள் என்று பேர் போடுகிறவன். கீழே, வெயில் நாட்டில், பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இதே வேலையைப் பல வருடம் பார்த்துவிட்டு மாற்றலாகி இந்தக் கேமரன் மலைக்கு வந்தேன். பேர் போடுகிறவனை எந்தத் தோட்டத்திலும் யாருக்கும் பிடிக்காது, அது இயற்கை. கீழே நான் பிறந்து வளர்ந்தவன் என்பதால் வீட்டுக்குள் உட்காரவைத்துத் திட்டினார்கள். இங்கே வாசலில் நிறுத்தி மரியாதை செய்தார்கள். நான் கேண்டீனில் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கல்யாணப் பத்திரிகை தவறாமல் வரும்; பந்தியில் என் இரண்டு பக்கமும் இலை காலியாக இருக்கும். முதல் தீபாவளிக்கு என் மனைவி இரண்டு டின் முறுக்கு சுட்டாள். தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகள் எல்லா வீட்டுக்கும் போனார்கள், மேட்டிலிருக்கும் கிராணி வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அந்த முறுக்கைப் பொங்கல் வரை நாங்கள் இருவரும் தின்றோம். நல்ல முறுக்குதான். ஆனாலும் அத்தனை நாள் தின்றால் எதிலும் ஒரு கசப்பு வந்துவிடுகிறது.

மூன்றாவது வருடத் திருவிழாவுக்குத் துரை என்னைக் கூப்பிட்டார். தோட்ட மேனேஜரைத்தான் துரை என்போம்; இவர் மலாய்க்காரர், நல்ல மனிதர். ஆபீஸ் சார்பில் யாராவது போய் முன்னால் நிற்பது நல்லது என்றார். போவது என்றால் முறைப்படி போக வேண்டும் என்றாள் என் மனைவி. முறைப்படி என்றால் ஒரு வாரம் விரதம். கடைசி நாள் தண்ணீர் மட்டும். விடிந்தும் விடியாமலும் ஓடையில் முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு நிற்க வேண்டும். கேமரன் மலையில் அந்நேரத்து ஓடைத் தண்ணீர் எப்படியிருக்கும் என்பதை நான் புத்தகத்தில் எங்கும் படித்ததில்லை. வெயில் நாட்டிலிருந்து வந்த உடம்பு எனக்கு. கரகம் ஜோடித்துக்கொண்டிருந்தார்கள், கம்போங் ராஜாவிலிருந்து வந்திருந்த பையன்கள் உறுமி அடித்துக்கொண்டிருந்தார்கள், எனக்கு முதலில் முழங்கால் ஆடியது. அப்புறம் தோள். அப்புறம் தாடை.

"கிராணிக்குச் சாமி வந்திருச்சுடோய்!" என்று ஒரு குரல் கத்தியது.

அந்தக் குரலிலிருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே முடியாது. இரண்டு வருடத்தில் அந்தத் தோட்டத்தில் என்னைப் பற்றி யாரும் சந்தோஷமாக எதுவும் சொன்னதில்லை.

பின்னாலிருந்து ஒருவர் என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். கொழுந்து லோரி ஓட்டுகிறவர். அன்றுவரை என்னிடம் "ம்" என்பதற்கு மேல் பேசாதவர். அவர் உடம்பு கதகதவென்று இருந்தது. பண்டாரம் என் முகத்தருகே கற்பூரத்தைக் காட்டி, "யாரு தாயி வந்திருக்கறது? வாயத் தொறந்து சொல்லு!" என்றார்.

உண்மையான பதில் எளிமையானது: நான்தான், குளிருகிறது, ஒரு துண்டு கொடுங்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சுற்றிலும் பார்த்தேன். பெண்கள் கைகூப்பி நின்றார்கள். என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறவர்கள் இப்போது நான் பேசுவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். துண்டு கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கேண்டீனில் நான் ஓய்வு பெறும் நாள்வரை அந்தச் சிரிப்பு ஓடியிருக்கும்.

"வந்தோம்" என்றேன். பல் அடித்துக்கொண்டதால் அது மூன்று தவணையாக வந்தது. குலவை கிளம்பியது.

அதற்குமேல் என்ன பேசுவது என்று தெரியாததால் படித்ததிலிருந்து பேசினேன். "மக்களே, அஞ்சற்க" என்றேன். பயத்தில் பேச்சுத்தமிழ் மறந்துபோய்விட்டது. அதுவே என் தனி முத்திரையாகிவிட்டது. மற்றத் தோட்டத்துச் சாமிகள் சாதாரணமாகப் பேசும். எங்கள் தோட்டத்து ஆத்தா இலக்கணமாகப் பேசுகிறாள் என்று பக்கத்துத் தோட்டங்களில் பொறாமை.

அன்று சாயங்காலம் லைனில் பதினோரு வீட்டில் எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். பதினோரு வீட்டிலும் உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டு. லோரிக்காரர் வீட்டில் அவர் மனைவி எனக்குச் சர்க்கரை இரண்டு கரண்டியா மூன்றா என்று கேட்டார். அந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் இரண்டு வருடம் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

மனிதன் ஏன் தன்னை மறைத்துக்கொண்டு ஊரோடு ஒத்துப்போகிறான் என்பதைப் பற்றி என் அலமாரியில் தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. விருந்தாளி கண்ணில் படக்கூடாது என்று அவற்றைப் படுக்கையறையில் வைத்திருக்கிறேன். சிலவற்றுக்கு அம்மன் படம் போட்ட காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறேன். அந்தப் புத்தகங்கள் அதிகாரம், பயம், பழக்கம் என்று பல காரணங்கள் சொல்கின்றன. எனக்குத் தெரிந்த காரணம் குளிர். உண்மையான நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன், கதவு சாத்தியிருந்தது. உள்ளே போன ஆள் வேறு.

சாமியாக இருப்பதில் சில வசதிகளும் உண்டென்பதை மறைப்பதற்கில்லை. பையன்கள் தலைக்கவசம் இல்லாமல் மோட்டாரில் பறப்பதைப் பற்றிக் கிராணியாக நான் ஒட்டிய அறிவிப்பில் யாரோ மீசை வரைந்தார்கள். "கவசமின்றிச் செல்வோரைக் காவேன்" என்று ஆத்தா சொன்ன மறுநாள் கியா பார்ம் கடைவரை போவதற்குக்கூட எல்லாத் தலையிலும் கவசம். பெண் பிள்ளையைப் படிக்கவைக்கலாமா என்று கேட்டால் வை என்பேன். குடிக்கிறவனைப் பேர் சொல்லாமல் முறைப்பேன். கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் தலைகுனிவார்கள். நான் ஒரு சீர்திருத்தவாதி என்றும், வேப்பிலை வெறும் ஒலிபெருக்கி என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வயிறு நிறைந்தவன் தனக்குச் சொல்லிக்கொள்ளும் தத்துவங்களில் இது ஒரு ரகம்.

அந்த வேப்பிலையைக் கீழேயிருந்து கொண்டுவருகிறவர் லோரிக்காரர். மலையில் வேம்பு பிழைக்காது. ஒவ்வொரு ஆடிக்கும் தாப்பா பக்கம் யாரோ ஒரு சீனர் வீட்டு வாசல் மரத்தில் ஒடித்துக் கட்டி ஏற்றிவருவார். திருவிழா நடக்கும்போது என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வதும் அவர்தான். அது அவர் உரிமை என்று ஊரே ஒப்புக்கொண்டிருந்தது. இந்தப் பதினோரு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நண்பர் அவர். ஐம்பத்தெட்டு வயது. நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைக் கிராணி என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, துரையிலிருந்து பிரதமர்வரை எல்லாரையும் பதவியிலிருந்து இறக்குவோம்.

இந்த வருடம் தொடக்கத்தில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, இரத்தக் குழாய் மூன்று அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்து சரிசெய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார்கள். பட்டியலில் கிடைத்த முதல் தேதியையும் கொடுத்தார்கள். திருவிழா முடிந்து இரண்டாவது வியாழக்கிழமை.

அவர் போவதாக இல்லை.

"அறுக்கறதுக்கு நான் என்ன நங்காவா கிராணி?" என்றார். நங்கா என்றால் பலாப்பழம்.

"அண்ணே, டாக்டருங்க தெனமும் பண்றதுதான்."

"அவங்களுக்குத் தெனமும். எனக்கு மொத தடவ லா."

நான் வாதாடினேன். இதயம் பற்றி நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். பேசப்பேச அவர் முகம், ஆபீஸ் அறிவிப்பைப் படிக்கும் முகமாக மாறியது. கடைசியில் கையை உயர்த்தி, "ஆத்தாகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கறேன். போன்னா போறேன். வேணாம்னா வேணாம்" என்றார். என் வராந்தாவில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்து.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்னால் அவர் மனைவி ஆபீசுக்கு வந்தார். ஏதோ ஃபாரம் கேட்கிற மாதிரி கவுண்டரில் நின்றார். ஃபாரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"மாடிப்படி ஏற மாட்டேங்குறாரு தம்பி. ஏறுனா உக்காந்துருறாரு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு செருப்பு வார் அறுந்துருச்சும்பாரு."

"நான் சொல்லிப் பாத்தேன் அண்ணி."

"நீங்க சொன்னா கேக்க மாட்டாரு. ஆத்தா சொன்னா கேப்பாரு." கவுண்டரில் கிடந்த பேனாவை நேராக வைத்தார். "ஆத்தா நல்ல வாக்கு சொல்லணும்னு வேண்டிக்குங்க தம்பி. ஒங்க மேலதானே வர்றா. ஒங்க வேண்டுதல் கேக்கும்ல."

அவருக்குத் தெரிந்திருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முகத்தில் எதுவும் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அவர் போனபின் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. பதினோரு வருடப் பொய்க்கும் ஒரு நாள் வேலை வந்திருக்கிறது என்று தோன்றியது. ஒரே வார்த்தை. போ. இதைச் சொல்வதற்காகவே இத்தனை நாள் நடுங்கியிருக்கிறேன் என்றால் கணக்கு சரிதான். அன்று விரதச் சோற்றைக்கூட ருசித்துச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாம் வழக்கம்போல் நடந்தது. ஓடை, ஈர வேட்டி, உறுமி. இப்போதெல்லாம் நடுக்கம் தானாக வருகிறது. முழங்காலுக்கு வழி தெரியும். லோரிக்காரர் பின்னால் பிடித்திருந்தார். இரண்டு மூன்று பேர் கேட்டார்கள், சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு முன்னால் வந்து நின்றார். உறுமி நின்றது. கையில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

நான் எதிர்பார்த்த கேள்வி, போகலாமா வேண்டாமா. அவர் அதைக் கேட்கவில்லை.

"ஆத்தா, நெஞ்ச அறுத்தா நான் எந்திரிச்சு வருவனா? எந்திரிப்பேன், மாட்டேன். ரெண்டுல ஒண்ணு சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

எந்திரிப்பாய் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் போயிருப்பார். டாக்டர்கள் சொன்னபடி பெரும்பாலும் எழுந்தும் வந்திருப்பார். ஆனால் 'பெரும்பாலும்' என்பது அம்மன் பேசுகிற வார்த்தை இல்லை. எனக்கு அந்த ஒரு நொடியில் இரண்டு எண்ணங்கள் வந்தன. நான் எந்திரிப்பாய் என்று சொல்லி அவர் எழுந்துவராவிட்டால் என் வாய்தானே அவரைக் கொன்றது என்பது ஒன்று. அவர் எழுந்துவராவிட்டால் கிராணி மேல் வருவது சாமியே இல்லை என்று ஊர் சொல்லிவிடும் என்பது இன்னொன்று. எழுதும்போது முதலாவதை முதலில் எழுதியிருக்கிறேன். வந்தபோது வரிசை அப்படி இல்லை.

"பொறு மகனே" என்றேன். "தை பிறக்கட்டும். அப்போது உரைப்போம்."

ஆடியிலிருந்து தைக்கு ஆறு மாதம். அவர் எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முகம் அப்படியே தளர்ந்து, பள்ளிக்கூடத்துக்கு மழை விடுமுறை விட்ட பையன் முகமாகிவிட்டது. பெண்கள் பக்கத்தில் அவர் மனைவி கைகூப்பியபடியே நின்றார். கைகள் கீழே இறங்கவே இல்லை.

திங்கட்கிழமை காலை என் மனைவி தோசையைத் திருப்பிப் போட்டபடி, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்றாள். உடனே, "ஆத்தா ஏன் அப்படிச் சொன்னா?" என்று திருத்திக்கொண்டாள். நான் சட்னியைப் பார்த்தேன். கதவு கொஞ்சம் திறந்த மாதிரி இருந்தது. நான் எழுந்து போவதற்குள் அடுத்த தோசை வந்துவிட்டது.

சாப்பிட்டுவிட்டு நேராக லோரி ஷெட்டுக்குப் போனேன். மழைக்கோட்டோடு, கொழுந்து பறிக்கும் பங்களாதேஷ் பையன்கள் மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். லோரிக்காரர் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல உற்சாகத்தில் இருந்தார்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க கிராணி. சம்பளம் கூட்டிட்டாங்களா?"

"நேத்து பேசினது நான்தான்."

"பின்ன, ஒங்க வாய்தான். வாடகைக்கா எடுக்கறா?"

"இல்லண்ணே. சாமி வரல. இந்த வருஷம் மட்டும் இல்ல, எந்த வருஷமும் வரல. மொத வருஷம் எனக்குக் குளிருச்சு. அவ்வளவுதான். நேத்து நானா பயந்துபோய்ச் சொன்னேன் பொறுன்னு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க."

துணியை நிறுத்தினார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பதினோரு வருடம் தள்ளிப்போட்ட வார்த்தைகள் வெளியே வந்துவிட்டன. அடி விழுந்தாலும் சரி என்று நின்றேன்.

"சாமி வந்தவனுக்குச் சாமி பேசுனது தெரியுமா கிராணி?"

"தெரியாதும்பாங்க."

"அப்ப நேத்து என்ன பேசுச்சுன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதத்தாண்ணே சொல்றேன். எனக்குத் தெரியுது. அப்படின்னா அது சாமி இல்ல."

"வீடியோ பாத்திருப்பீங்க. வாட்சாப்புல நேத்தே போட்டுட்டானுங்களே." சிரித்தார். "எம் மருமவளுக்குக்கூட சிங்கப்பூர்ல வந்துருச்சு."

"வீடியோ பாக்கல. எனக்கு ஞாபகம் இருக்கு. நீங்க கேட்டது, எலுமிச்சம்பழம், எல்லாம்."

"எலுமிச்சம்பழம் வீடியோல நல்லாவே தெரியுது லா."

"அண்ணே, நான் கூட்டத்துல ஒவ்வொரு ஆளையும் பாத்தேன். அந்தப் பக்கம் அண்ணி நின்னாங்க."

"அவ எப்பவும் அங்கதான் நிப்பா." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். குரலைத் தாழ்த்தினார். "பயந்துட்டீங்க. வாக்கு சொன்ன மறுநாள் அப்படித்தான் இருக்கும். எங்கப்பாவுக்கும் சாமி வரும். மறுநா காலையில சாமியும் இல்ல பூதமும் இல்லன்னு பேசுவாரு. ஒடம்பு காலியாயிருதுல்ல. அந்தக் காலி எடம் பேசுறது."

"அது காலி எடம் இல்லண்ணே. அதுதான் நான்."

"சரி, சரி." என் தோளைத் தட்டினார். "நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். பொம்பளைங்க காதுல விழுந்தா மனசு கஷ்டப்படும். ஒங்களுக்கும் எனக்கும் நடுவுல இருக்கட்டும்."

என் உண்மையைக் கேட்ட ஒரே மனிதர், அதை யாருக்கும் தெரியாமல் காப்பாற்றுவதாக எனக்குச் சத்தியம் செய்து கொடுத்தார். லோரியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

கிராணி சொன்னால் கேட்க மாட்டார். நண்பன் சொன்னால் தைரியம் சொல்வார். சாமியின் வாக்கைச் சாமிதான் மாற்ற முடியும். எனக்கு இருந்த ஒரே வழி, வியாழக்கிழமைக்குள் இன்னொரு முறை சாமி வருவது. நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பூசை இருந்தது.

இதுவரை நான் திட்டம்போட்டுச் சாமியாடியதே இல்லை. எல்லாம் ஓடைத் தண்ணீரும் பட்டினியும் உறுமியும் பார்த்துக்கொள்ளும். நான் தடுக்காமல் இருந்தால் போதும். வெள்ளிக்கிழமை பூசையில் இவை எதுவும் கிடையாது. பண்டாரம் புளூடூத் பெட்டியில் பாட்டுப் போடுவார், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள், முடிந்ததும் சுண்டல். அன்று அதிசயமாக வெயில் வேறு அடித்தது. காலையில் வயிறு நிறைய நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, சாப்பிட்டிருந்தேன். லோரிக்காரர் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

தீபாராதனை காட்டும்போது ஆரம்பித்தேன். தோளை ஆட்டினேன். ஒன்றும் கூடிவரவில்லை. தாடையை ஆட்டினேன். பல்லைக் கடித்து மூச்சை இழுத்தேன். பதினோரு வருடம் பொய்யாகப் பண்ணியதை ஒரு நாள் உண்மையான காரணத்துக்காகப் பண்ண வேண்டியிருந்தபோது எனக்கு நடிப்பு வராது என்று தெரிந்தது.

"கிராணிக்கு என்னமோ பண்ணுது!" என்றாள் ஒருத்தி.

"சீனி எறங்கிருச்சு. கை ஆடுது பாரு" என்றார் பண்டாரம். லைனில் ஐம்பது தாண்டிய எல்லாருக்கும் சர்க்கரை வியாதி; சீனி இறங்கினால் எப்படி ஆடும் என்பது அங்கே குழந்தைகளுக்கும் தெரியும். "மிட்டாய் இருக்கா? யாருகிட்டயாச்சும் மிட்டாய் இருக்கா?"

"மகனே!" என்று தொடங்கினேன். 'மகனே'வுக்குப் பிறகு வாய்க்குள் ஒரு இஞ்சி மிட்டாய் வந்துவிட்டது. துப்பப் பார்த்தேன். என் மனைவி மோவாயைப் பிடித்து மூடினாள். இன்னொருத்தி பாயசத்தைக் கொண்டுவந்தாள். இத்தனைக்கும் ஒருவர்கூட, ஒருவேளை சாமியோ என்று சந்தேகப்படவில்லை. விரதம் இல்லை, ஆடி முடிந்துவிட்டது, அவள் ஏன் வரப்போகிறாள்? ஆபீசில் நான் போடும் அட்டவணையைவிட அம்மனின் அட்டவணை மேல் அவர்களுக்கு நம்பிக்கை அதிகம்.

பாயசத்தை விழுங்கி நிமிர்ந்தபோது லோரிக்காரர் தன் கெரேத்தாவை, அதாவது காரை, கோவில் வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். தானே வந்து என் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு என்னைத் தூக்கி உட்காரவைத்தார். அவர் மூச்சு என் காதுப்பக்கம் கேட்டது. இரும்பு அறுக்கும் சத்தம். மூன்று குழாய் அடைத்தவர் ஒன்றும் இல்லாதவனைத் தூக்கிக்கொண்டு தானா ராத்தா கிளினிக்குக்குப் பறந்தார். வழியெல்லாம், "தூங்கிராதீங்க கிராணி, பேசிட்டே வாங்க" என்றார்.

டாக்டர் சின்னப் பெண். எனக்குச் சர்க்கரை சரியாக இருக்கிறது, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்றாள். நான் குரலைத் தாழ்த்தி, எனக்கு ஒன்றுமில்லை டாக்டர், வெளியே உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள் என்றேன். அவள் நல்லவள், எழுந்துபோய்க் கேட்டாள். "நான் டிரைவர் டாக்டர். பேஷண்ட் அவருதான்" என்று அவர் என்னைக் காட்டியது கதவு வழியாகத் தெரிந்தது. என் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை விடிந்தது. அவர் வழக்கம்போல் ஏழு மணிக்குக் கொழுந்து ஏற்றப் போனார். ஆபீஸ் ஜன்னலைத் தாண்டும்போது ஹாரன் அடித்து, சந்தோஷமாகக் கையாட்டினார். நானும் ஆட்டினேன். பேர் போட வேண்டிய இடத்தில் பேர் போட்டேன். முழு நாள்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் போன் செய்தேன். தேதியைத் தள்ளி வாங்க வேண்டுமானால் காரணம் சொல்ல வேண்டும் என்றார்கள், மலாயில், தன்மையாக. குடும்ப விஷயம் என்றேன். பட்டியல் நீளம், மாசியில்தான் இடம் இருக்கிறது என்றார்கள். அதை அவரிடம் சொன்னபோது வியந்துபோனார். "பாத்தீங்களா? தைக்குப் பொறவு. ஆத்தாவுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கு" என்றார். வெள்ளிதோறும் அவர் மனைவி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரும் திருநீறும் சுண்டலும் நிற்கவில்லை. பாத்திரம் மட்டும் வருகிறது, அவர் வருவதில்லை.

தை முதல் வெள்ளிக்குத் தனியாக ஒரு பூசை போட்டு, என்னை ஓடையில் முக்கி, வாக்குக் கேட்பதாக ஏற்பாடு. இந்த முறை எந்திரிப்பாய் என்று சொல்லிவிடுவேன். நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்வதில் சிக்கல் இல்லை. அதுவரை அவர் இருக்க வேண்டும்.

இப்போது ஐப்பசி. போன வாரம் ஆபீஸ் வேலையாகக் கம்போங் ராஜாவுக்கு அவர் லோரியில் போனேன். மேலே ஒரு வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். வண்டியில் ஒன்றும் பழுதில்லை. இறங்கவும் இல்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கீழே பச்சை மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் தேயிலையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற தேயிலை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இங்கே நின்று படம் பிடிப்பதைப் பார்த்து, வேலையத்த கூட்டம் என்று திட்டுகிறவர்.

"நல்லா இருக்குல்ல கிராணி?" என்றார். இடது கை சட்டைக்குள் இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. "அந்த வெளிச்சம் விழுறது பாருங்க."

"கெளம்பலாம்ணே, ஆஸ்பத்திரிக்கு" என்று வாய்வரை வந்தது. எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். சொல்லும் ஒவ்வொரு முறையும் அவர் அதை மறுக்க ஒரு மூச்சைச் செலவழிக்கிறார்.

"ஆமாண்ணே" என்றேன். "நல்லாத்தான் இருக்கு."

பின்னால் வந்த கார்கள் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போயின. அவர் மூச்சு திரும்பும்வரை, அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று நானும் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.